தொட்டு அறியும் நுண்ணோக்கி

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற அறிவியல் அமர்வில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் பேச வருவோர் பெரும்பாலும் கழகத்தின் வரலாற்றையோ சமுதாயத்தின் வருங்காலத்தையோ எடுத்துரைப்பர். அவற்றை உரைப்பதற்கு என்னினும் தகுதி மிக்கவர்கள் இங்கே அமர்ந்திருக்கின்றனர். எனக்கு இடப்பட்ட பணி வேறு. நம் பிள்ளைகள் கல்லூரிகளில் பௌதிகமும் இரசாயனமும் பொறியியலும் பயிலத் தொடங்கிவிட்ட இந்நாளில், பொருள்களில் மறைந்திருக்கும் மிக நுண்ணிய பழுதுகளைக் கண்டறியும் கருவி ஒன்றைப் பற்றி எளிய தமிழில் சொல்ல வேண்டும் என்று செயற்குழுவினர் பணித்தனர். பாடப் புத்தகத்தில் இரண்டு பத்தியில் முடிந்துபோகும் செய்திதான். ஆனால் அக்கருவி எந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது, யார் யாருடைய கைகளால் உருவாயிற்று என்பதைப் பாடப் புத்தகம் சொல்வதில்லை. ஆகவே அதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

கண்ணாடிக் கடையில் பலகையை வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் வைரமுனையால் மெல்லிய கோடு ஒன்றை இழுத்து, பின்பு இலேசாக ஒரு தட்டுத் தட்டுவார். கோட்டின் வழியே பலகை இரண்டாகப் பிரிந்துவிடும். பலகையின் தடிமனோடு ஒப்பிட்டால் அந்தக் கீறல் ஒன்றுமேயில்லை. எனினும் பலகை முழுவதன் தலைவிதியையும் அதுவே முடிவு செய்கிறது. இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஏ. ஏ. கிரிஃபித் என்னும் பொறியாளர் 1920-ஆம் ஆண்டையொட்டி இதைத் துருவி ஆராய்ந்தார். அணுக்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் வலிமையைக் கணக்கிட்டால், கண்ணாடி நாம் காண்பதைவிடப் பன்மடங்கு வலிமையுடையதாக இருத்தல் வேண்டும். ஏன் அவ்வாறில்லை? கண்ணாடியை மெல்லிய இழைகளாக இழுத்துச் சோதித்த அவர், இழை மெலிய மெலிய அதன் வலிமை கூடுவதைக் கண்டார். கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் பொருளில் இருக்கின்றன, இழுவிசை முழுவதும் வெடிப்பின் கூர்முனையில் சென்று குவிகிறது, அங்கிருந்தே முறிவு தொடங்குகிறது என்பது அவர் கண்ட முடிவு. பொருளின் வலிமை அதன் நல்ல பகுதியைப் பொறுத்ததன்று, மிக மோசமான பழுதைப் பொறுத்தது என்றாயிற்று.

1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாண்டு நகரில் ‘ஸ்கெனெக்டடி’ என்னும் புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல், புயலுமின்றி மோதலுமின்றி, அமைதியான நீரில் துறையில் நின்றவாறே நடுவில் பிளந்தது. பற்றவைப்பிலிருந்த பழுதில் தொடங்கிய வெடிப்பு, குளிரில் நொறுங்குந் தன்மையுடைய எஃகின் ஊடே ஓடிவிட்டதே காரணம். இப்பழுது கண்ணுக்குப் புலப்படும் அளவினது. அதனினும் சிறிய பழுதுகளைப் பற்றியதே என் உரை.

எவ்வளவு சிறியவை? ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறு செய்தால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். நம் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர் இருக்கலாம். சிலிக்கன் படிகத்தில் அடுத்தடுத்த இரண்டு அணுக்களுக்கு இடையிலான தொலைவோ கால் நானோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நாம் காணும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. ஆகவே ஒளியால் இயங்கும் சாதாரண நுண்ணோக்கியின் வில்லையை எத்துணை நேர்த்தியாகச் செய்தாலும், ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் குறைந்த நுணுக்கங்கள் அதில் தெளியமாட்டா. பருத்த விரல்களால் பூந்தையல் போட முனைவதைப் போன்றது அது. 1931-இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் ஒளிக்குப் பதிலாக எலெக்ட்ரான் கற்றையைப் பயன்படுத்தும் நுண்ணோக்கிக்கு அடிகோலினர். அது பெரும் பாய்ச்சல். ஆனால் அவ்வகை நுண்ணோக்கியில் பொருளை எலெக்ட்ரான்கள் ஊடுருவிச் செல்லும் அளவிற்கு மெல்லிய சீவலாக்க வேண்டும்.

அணுக்களின் அடுக்கை அறிய 1912 முதற்கொண்டு எக்ஸ் கதிர்கள் உதவி வந்தன. எக்ஸ் கதிரையோ எலெக்ட்ரான் கற்றையையோ படிகத்தின் மீது பாய்ச்சி, அது சிதறி விழும் புள்ளிக் கோலத்தைக் கொண்டு அடுக்கைக் கணிப்பர். ‘விளிம்பு விளைவு’ முறை என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். மகத்தான முறை, ஐயமில்லை. ஆயினும் அக்கோலம் கோடானுகோடி அணுக்கள் ஒருங்கே தரும் பதில். திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கே அதில் ஒளிவிடும். எங்கோ ஓரிடத்தில் ஓர் அணு இல்லாமற் போயிருந்தால் அச்செய்தி கோடிக் குரல்களின் இரைச்சலில் அமுங்கிவிடும். சராசரி சரியாகவே இருக்கும். பழுதும் அங்கேயே இருக்கும்.

சராசரியின் இந்தச் சூது நமக்குப் புதியதன்று. ஒரு வட்டாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகள் பள்ளி செல்கின்றனர் என்று ஓர் அறிக்கை கூறலாம். எஞ்சிய பத்துப் பிள்ளைகளும் ஒரே சேரியின் பிள்ளைகள் என்பதை அந்த எண் கூறாது. அதனாலன்றோ நம் கழகத்தார் விழுக்காட்டை நம்பி வாளாவிருக்காமல், வீடு வீடாகச் சென்று பெயர்ப் பட்டியல் எழுதினார்கள்! அணுக்களின் உலகில் அவ்வாறு வீடு வீடாகச் சென்று பெயர் எழுதும் கருவி 1981 வரை கைக்குள் அடங்கவில்லை.

சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரையடுத்த ரூஷ்லிக்கானில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. 1978-ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே ஹைன்ரிஷ் ரோரர் என்னும் விஞ்ஞானியும், ஃபிராங்ஃபர்ட்டில் ஆராய்ச்சிப் பட்டம் முடித்துப் புதிதாக வந்த கெர்ட் பின்னிக் என்னும் இளைஞரும் ஒரு சிக்கலைப் பற்றிப் பேசலாயினர். உலோகத்தின் மேல் படியும் ஆக்சைடு படலம் சில நானோமீட்டர்களே தடிமனுடையது. மின்சாரத்தைத் தடுக்க வேண்டிய காப்புப் படலம் அது. ஆனால் அதில் ஆங்காங்கே நொய்ந்த இடங்கள் இருக்கின்றன. அவ்விடங்களில் மின்சாரம் கசிகிறது. படலம் முழுவதையும் ஒருங்கே அளந்தால் மொத்தக் கசிவு தெரியும், எந்த இடத்தில் கசிகிறது என்பது தெரியாது. ஒவ்வோர் இடமாகச் சென்று விசாரிக்கக் கருவி உண்டா என்று தேடினர். இல்லை என்று கண்டனர். இல்லையெனில் செய்துவிடுவோம் என்று முனைந்தனர். ஆக, இக்கருவி அணுவைக் காண வேண்டும் என்ற பெருங்கனவில் பிறந்ததன்று. ஒரு மெல்லிய படலத்தின் பழுதிடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற சின்னஞ்சிறு தேவையில் பிறந்தது. மாணவர்கள் இதைக் கருத்தில் இருத்துதல் நலம்.

கருவியின் தத்துவம் இதுதான். ஓர் உலோக ஊசியின் முனையை ஒரு பரப்பிற்கு மிக அருகில், ஒரு நானோமீட்டர் அளவிற்கு அருகில், கொண்டு செல்கிறோம். முனை பரப்பைத் தொடவில்லை. இடையில் வெற்றிடம் இருக்கிறது. சுவரில் எறிந்த பந்து திரும்பி வரும், சுவரைத் துளைத்து மறுபக்கம் செல்லாது. ஆனால் எலெக்ட்ரான் பந்தைப் போன்றதன்று. அதற்கு அலையின் இயல்பும் உண்டு. தடைச்சுவர் மிகமிக மெல்லியதாக இருப்பின் அது மறுபக்கத்தில் தோன்றுவதற்கும் வாய்ப்புண்டு. இதைத் ‘துளைத்தல்’ என்றும் ‘சுரங்க விளைவு’ என்றும் தமிழ் நூலோர் எழுதுவர். ஊசிக்கும் பரப்பிற்கும் இடையே சிறு மின்னழுத்தம் கொடுத்தால் இவ்வாறு துளைத்து வரும் எலெக்ட்ரான்கள் மிகச் சிறிய மின்னோட்டமாகின்றன. இனி வியப்பைக் கேளுங்கள். இடைவெளி 0.1 நானோமீட்டர், அதாவது அணுவின் பருமனில் பாதிக்கும் குறைவாக, கூடினால் மின்னோட்டம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. குறைந்தால் பத்து மடங்காகக் கூடுகிறது. இவ்வளவு கூருணர்ச்சியுள்ள அளவுகோல் வேறெங்கே கிடைக்கும்?

இனி ஊசியை அசைக்க வேண்டும். திருகாணியும் பற்சக்கரமும் இங்கே உதவா. 1880-இல் ஜாக் கியூரி, பியர் கியூரி என்னும் சகோதரர்கள் சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றுவதைக் கண்டனர். நம் வீட்டு அடுப்பைப் பற்றவைக்கும் கேஸ் லைட்டரில் ‘டிக்’கென்று பொறி எழுவது இவ்விளைவினாலேயே. இதைத் தலைகீழாக்கினால், படிகத்திற்கு மின்னழுத்தம் கொடுத்து அதை நீளவும் குறுகவும் செய்யலாம். ஒரு வோல்ட்டுக்கு ஒரு சில நானோமீட்டர் என்ற அளவிலும் இதை அடக்கி ஆளலாம். இவ்வகைப் படிகங்கள் மூன்றைக் கொண்டு ஊசியை முன்பின்னும் இடவலமும் மேல்கீழும் நகர்த்தினர். வயலில் ஏர் ஓட்டுவதைப் போல் வரி வரியாக ஊசி பரப்பின் மேல் செல்லும். மின்னோட்டம் கூடினால் மேடு வந்துவிட்டது என்று பொருள். உடனே ஊசி சற்று உயர்த்தப்படும். குறைந்தால் பள்ளம். ஊசி தாழ்த்தப்படும். இவ்வாறு ஊசி ஏறி இறங்கிய கணக்கே பரப்பின் படமாகிறது. பழைய கிராமபோன் ஊசியை எண்ணிக்கொள்ளுங்கள். இந்த ஊசி மட்டும் தட்டைத் தொடாமலே பாடலைப் படித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப்’ என்பர். நாம் ‘வருடு துளை நுண்ணோக்கி’ எனலாம்.

சொல்வது எளிது. அறையில் ஒருவர் நடந்தால் தரை அதிர்கிறது. தெருவில் வண்டி போனால் கட்டடம் அதிர்கிறது. அந்த அதிர்வெல்லாம் நானோமீட்டரைப் போல் ஆயிரம் மடங்கு. முதற் கருவியை, அதிர்வு அணுகாதிருக்கும்பொருட்டு, மிகக் குளிர்ந்த ஈயக் கிண்ணத்தின் மேல் காந்தவிசையால் மிதக்க விட்டனர். கடுங்குளிரில் ஈயம் மீக்கடத்தியாகிக் காந்தத்தைத் தள்ளி நிறுத்தும் என்பது அதன் சூட்சுமம். நடமாட்டம் ஓய்ந்த இரவுகளில், மூச்சையும் அடக்கிக்கொண்டு அளவெடுத்தனர். 1981 மார்ச் 16-ஆம் நாள் இரவு, இடைவெளி மாற மின்னோட்டம் தத்துவம் கூறியவாறே மடங்கு மடங்காக மாறுவதைத் தெளிவாகக் கண்டனர்.

இங்கே இரண்டு பெயர்களைச் சொல்லாமல் மேலே செல்வது முறையன்று. கிறிஸ்டோஃப் கெர்பர், எட்மண்ட் வைபல். பட்டப் பெயர்களின் வரிசையில் முன் நின்றவர்களல்லர் இவர்கள். கருவி கட்டும் தொழில்நுட்பத் துறையினர். கெர்பர் 1966 முதலே ரோரருடன் பணியாற்றியவர். தாளில் எழுதிய தத்துவத்தை அதிராத கருவியாக நிறுத்திக் காட்டியதில் இவர்களுடைய பங்கு பெரிது. 1986-ஆம் ஆண்டின் பௌதிக நோபெல் பரிசில் ஒரு பாதி, எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்காக, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காத்திருப்பிற்குப் பின் ருஸ்காவுக்குக் கிடைத்தது. மறு பாதியைப் பின்னிக்கும் ரோரரும் பகிர்ந்துகொண்டனர். கெர்பருடைய பெயர் உயர்ந்ததொரு பரிசுப் பட்டியலில் வருவதற்கு 2016 வரை செல்ல வேண்டியிருந்தது. அவ்வாண்டின் காவ்லி பரிசு, அடுத்து நான் கூறப்போகும் அணுவிசை நுண்ணோக்கிக்காக, பின்னிக், கால்வின் குவேட் ஆகியோருடன் அவருக்கும் வழங்கப்பட்டது. மற்றொருவரையும் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவின் தேசிய அளவீட்டு நிறுவனத்தில் ரஸ்ஸல் யங் என்பவர் ஊசிமுனையால் பரப்பை வருடும் கருவியை 1970-களின் தொடக்கத்திலேயே செய்து காட்டி, துளை மின்னோட்டத்தின் வாயில் வரையிலும் வந்துவிட்டார். 1971-இல் அவருடைய திட்டம் நிறுத்தப்பட்டுவிட்டது. அறிவு மட்டும் போதாது, அதைத் தொடர்ந்து நடத்திச் செல்ல ஆதரவும் வேண்டும் என்பதை நம்மவர்க்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

கருவியின் ஆற்றலை உலகுக்குப் புலப்படுத்தியது சிலிக்கனின் ஒரு முகம். படிகத்தை வெட்டிச் சூடேற்றித் தூய்மைப்படுத்தினால், மேற்பரப்பு அணுக்கள் உள்ளே இருக்கும் ஒழுங்கை விட்டு, ஏழுக்கு ஏழு என்னும் பெரிய கட்டங்களாகத் தம்மைத் தாமே மாற்றி அடுக்கிக்கொள்கின்றன. கட்டத்தின் அளவு எலெக்ட்ரான் விளிம்பு விளைவினால் 1959 முதலே தெரியும். ஆனால் கட்டத்திற்குள் எந்த அணு எங்கே இருக்கிறது என்பதில் அறிஞர்களுக்குள் ஓயாத வழக்கு. 1983-இல் வெளிவந்த ரூஷ்லிக்கான் படத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் பன்னிரண்டு மேடுகளும், மூலைகளில் ஆழ்ந்த பள்ளங்களும் நேராகத் தெரிந்தன. கணிப்பொறித் திரையில் வந்த வண்ணப் படமன்று அது. பதிவுப் பேனா தாளில் வரைந்த கோடுகளைக் கத்தரித்து, வரிசையாக அடுக்கி ஒட்டிக் கையாலேயே செய்த மாதிரி. வழக்கை முற்றிலும் தீர்த்த அமைப்பை ஜப்பானியராகிய தகயானகி குழுவினர் 1985-இல் வகுத்துரைத்தபோது, அப்பன்னிரண்டு மேடுகளும் அதில் தம் இடத்தைப் பெற்றன. அதன்பின் எத்தனையோ ஆராய்ச்சிக் கூடங்களில் அதே பரப்பு படமெடுக்கப்பட்டுள்ளது. பல படங்களில் பன்னிரண்டு புள்ளிகள் இருக்க வேண்டிய கட்டத்தில் பதினொன்றே இருக்கும். பன்னிரண்டாவது அணு அங்கே இல்லை. கோடிக் குரல்களில் அமுங்கிப்போன அந்த ஒற்றைக் காலியிடத்தை முகவரியோடு சுட்டிக் காட்டிவிட்டது ஊசிமுனை.

ஆனால் ஒரு சங்கடம். மின்சாரம் கடத்தும் பொருள்களில்தான் இம்முறை செல்லும். கண்ணாடி, பீங்கான், பிளாஸ்டிக், தோல், ஏன், எந்த ஆக்சைடு படலத்திற்காகக் கருவி பிறந்ததோ அதன் தடித்த வடிவம், இவற்றின் மேல் துளை மின்னோட்டம் ஓடாது. இதற்கு 1986-இல் பின்னிக், குவேட், கெர்பர் மூவரும் விடை கண்டனர். மின்னோட்டத்தை விட்டுவிட்டு விசையையே அளப்போம் என்றனர். மெல்லிய பொற்தகட்டின் நுனியில் வைரத் துணுக்கு ஒன்றை ஒட்டி, அதைப் பரப்பின் மேல் மெல்லப் படியவிட்டு இழுத்தனர். பரப்பின் அணுக்களுக்கும் வைரமுனையின் அணுக்களுக்கும் இடையே எழும் நுண்ணிய விசையால் தகடு வளையும். அந்த வளைவை அளந்தால் மேடுபள்ளம் தெரியும். பிற்காலக் கருவிகளில் தகட்டின் முதுகில் லேசர் ஒளியைப் பாய்ச்சி, அது திரும்பி விழும் இடம் நகர்வதைக் கொண்டு அளக்கின்றனர். இதுவே அணுவிசை நுண்ணோக்கி. வெற்றிடம் வேண்டா, காற்றிலும் இயங்கும், நீருக்குள்ளும் இயங்கும்.

ஆக, பார்ப்பதனால் அறியமுடியாததைத் தொட்டு அறிவது என்பதே இக்கருவியின் வழி. ‘தொடாதே’ என்னும் சொல்லைச் செவியில் தாங்கியே தலைமுறை தலைமுறையாக வளர்ந்த மக்கள் நாம். தொட்டுச் செய்யும் வேலை இழிந்தது, தொடாமல் ஓதும் கல்வி உயர்ந்தது என்று இந்நாட்டில் வகுத்து வைத்தனர். தோல் பதனிடும் தொழிலாளியைக் கேளுங்கள். உண்ணி கடித்த வடு, சூடு போட்ட தழும்பு, உரிக்கும்போது கத்தி பட்டு மெலிந்த இடம் இவற்றைக் கண்ணைவிட விரலே முதலில் சொல்லும் என்பார். பறைக்குத் தோல் தேர்பவரும் தடவிப் பார்த்தே தேர்வார். இது வெறும் கைப்பழக்கமா, மெய்யான நுண்ணுணர்வா? சுவீடனில் ஸ்டாக்ஹோம் நகரின் அரச தொழில்நுட்பக் கழகத்தார் 2013-இல் வெளியிட்ட ஆய்வொன்று விடை தருகிறது. நுண்ணிய சுருக்கங்கள் படைத்த பரப்புகளை மனிதர்களிடம் கொடுத்து விரலால் தடவச் செய்தனர். 13 நானோமீட்டர் உயரமே உடைய சுருக்கத்தையும் வழவழப்பான பரப்பிலிருந்து விரல் பிரித்தறிந்தது. ஒளி நுண்ணோக்கிக்கு எட்டாத அளவு, நம் விரலுக்கு எட்டியிருக்கிறது.

தோலைப் பற்றிச் சொன்னதால் மற்றொன்று. தோலின் வலிமைக்கு ஆதாரம் கொலாஜென் என்னும் புரதம். அதன் மூவிழைத் திருகமைப்பை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் வெளியிட்டனர். கொலாஜென் இழையின் மேல் அணுவிசை நுண்ணோக்கியை ஓட்டினால், ஏறத்தாழ 67 நானோமீட்டருக்கு ஒன்றாகக் கணு கணுவாக மேடுகள் வருவதைக் காணலாம். பழுதுபட்ட இழையில் அந்தக் கணுக்கள் குலைந்துபோவதையும் காணலாம்.

பழுது காணும் வேலைக்கு மீண்டும் வருகிறேன். டிரான்சிஸ்டர் சிறுத்துக்கொண்டே வந்தபோது, அதன் வாயிலை மூடும் சிலிக்கன் ஆக்சைடு படலம் 2000-களின் நடுவில் ஏறத்தாழ 1.2 நானோமீட்டர், அதாவது ஐந்தாறு அணுக்களின் கனம், வரையில் மெலிந்துவிட்டது. அதில் மின்சாரம் துளைத்துக் கசியத் தொடங்கியதால் 2007-இல் ஹாஃப்னியம் கலந்த ஆக்சைடுக்கு இன்டெல் நிறுவனம் மாறியது. இத்தகைய படலங்களின் மேல் மின்கடத்தும் முனையுடைய அணுவிசை நுண்ணோக்கியை ஓட்டினால் இரண்டு படங்கள் ஒருங்கே கிடைக்கும். ஒன்று மேடுபள்ளம், மற்றொன்று மின்கசிவு. மேடுபள்ளப் படத்தில் குற்றமே தெரியாத சமவெளியில், கசிவுப் படம் மட்டும் ஒரு புள்ளியைச் சுட்டும். 1978-இல் எழுந்த கேள்விக்கு நேரான விடை இவ்வாறு, பல ஆண்டுகள் சுற்றி, கருவியின் பேரப்பிள்ளை ஒன்றினால் கிடைத்தது. துருப்பிடியா எஃகிலும் இவ்வாறே. உப்புநீரில் அதன் அரிப்பு பரப்பெங்கும் சீராகத் தொடங்குவதில்லை. உள்ளே சிக்கிய மாங்கனீசு சல்ஃபைடு துணுக்கின் ஓரத்தில்தான் பெரும்பாலும் முதற் குழி விழும். நீருக்குள்ளேயே ஊசியை ஓட்டி அந்தக் குழி விழுவதை ஆராய முடிகிறது.

எல்லாப் பழுதும் பழுதன்று என்பதையும் கூறிவிடுகிறேன். முற்றிலும் தூய சிலிக்கன் மின்சாரத்தை அரைகுறையாகவே கடத்தும், டிரான்சிஸ்டருக்கு ஆகாது. கோடி சிலிக்கன் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில் பாஸ்பரஸைக் கலந்தாலே அது வேலைக்கு உதவும். தூய்மை தூய்மை என்று பேசுவோர்க்குச் சிலிக்கன் கூறும் பதில் இது!

இனி, எச்சரிக்கை. இக்கருவி தரும் படத்தைக் கண்டவுடன் நம்பிவிடலாகாது. முனை மழுங்கியிருந்தால், அதைவிடக் குறுகிய பள்ளத்திற்குள் அது இறங்காது. பள்ளமே இல்லையென்று படம் சொல்லும். முனை இரண்டாகப் பிளந்திருந்தால் ஒவ்வொரு மேடும் இரட்டையாகத் தோன்றும். 1980-களின் இறுதியில், கிராஃபைட் தளத்தின் மேல் டி.என்.ஏ. இழையின் திருகலைப் படமெடுத்துவிட்டதாகச் சில அறிக்கைகள் வெளிவந்தன. 1991-இல் கிளெம்மர், பீப் என்னும் இருவர் டி.என்.ஏ.வே இல்லாத வெறும் கிராஃபைட்டை வருடி, அதன் படி விளிம்புகளும் பழுதுகளுமே அச்சு அசலாகத் திருகிழை போலத் தோன்றுவதைக் காட்டினர். தளத்தின் பழுதைப் பொருளின் வடிவமென்று எண்ணிவிட்டிருந்தனர்! ஆகவே தேர்ந்த ஆராய்ச்சியாளர் முதலில் அளவு தெரிந்த மாதிரிப் பரப்பில் முனையைச் சோதிப்பர். முனையை மாற்றிப் பார்ப்பர், மாதிரியைத் திருப்பி வைத்துப் பார்ப்பர். திருப்பிய பின்னும் படம் திரும்பாவிடில் கோளாறு முனையில் இருக்கிறது.

பத்திரிகைகளில் இக்கருவி எல்லாப் பழுதையும் காணும் மாயக்கண் என்று எழுதுகின்றனர். அது மிகை. பரப்பில் உள்ளதை மட்டுமே இது நேராக அறியும். பரப்பின் அளவோ மிகச் சிறிது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பக்கமுள்ள சதுரத்தை வருட ஒரு நிமிடம் ஆகுமெனக் கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டரில் அத்தகைய சதுரங்கள் பத்துக் கோடி. பத்துக் கோடி நிமிடங்கள் என்பது 190 ஆண்டுகள்! பாலத்தின் தூணிலோ கொதிகலனிலோ வெடிப்புத் தேடுவதற்கு மீயொலியும் எக்ஸ் கதிரும் காந்தத் துகளும்தான் ஏற்றவை. வெடிப்பு ஏன் அவ்விடத்தில் பிறந்தது என்று மூலத்தை ஆராயும்போதுதான் ஊசிமுனையின் முறை வரும். மிக நுண்ணிய ஆராய்ச்சியில் அதன் எல்லை இன்னும் விரிந்துகொண்டிருக்கிறது. 2009-இல் அதே ரூஷ்லிக்கான் கூடத்தில், முனையின் நுனியில் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு ஒன்றை ஏந்தி, பென்டசீன் மூலக்கூற்றின் ஐந்து வளையங்களையும் அவற்றின் பிணைப்புகளோடு படமெடுத்தனர். 2008-இல் செவ்வாயில் இறங்கிய ‘ஃபீனிக்ஸ்’ விண்கலம் ஓர் அணுவிசை நுண்ணோக்கியை உடன் கொண்டு சென்று அங்குள்ள மண்துகளைத் தடவிப் பார்த்தது.

இதெல்லாம் செல்வந்த நாடுகளின் விளையாட்டு என்று நம் இளைஞர்கள் எண்ணக்கூடும். விலைக்கு வாங்கும் கருவி விலை மிக்கதே. ஆயினும் வருடு துளை நுண்ணோக்கியைத் தாமே கட்டி முடித்த கல்லூரி மாணவர்களும் தனி ஆர்வலர்களும் உலகில் பலர் உள்ளனர். ஊசியை அசைப்பதற்கு, கடிகார அலாரத்திலும் விளையாட்டுச் சாமானிலும் ஒலியெழுப்பும் பீசோ வட்டத் தகடே போதும் என்று காட்டியுள்ளனர். அத்தகட்டின் ஒரு முகத்தை நான்கு காற்பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மின்னழுத்தம் கொடுத்தால் மூன்று திசைகளிலும் நகரும். மின்னோட்டத்தைப் பெருக்க நல்ல பெருக்கி ஒன்று வேண்டும். அதில் சிக்கனம் கூடாது, இரைச்சல் மிகுந்த பெருக்கி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அதிர்வைத் தடுக்க, கனத்த கல்லைச் சுருள்வில்லில் தொங்கவிட்டு அதன்மேல் கருவியை அமர்த்தலாம். முனை எவ்வாறு செய்வது என்று கேட்பீர்கள். பிளாட்டினமும் இரிடியமும் கலந்த மெல்லிய கம்பியைக் கூரிய வெட்டுக் குறட்டால் சாய்வாகப் பிடித்து, வெட்டும்போதே இழுக்க வேண்டும். வெட்டிய முனை கரடுமுரடாகத்தான் இருக்கும். கவலை வேண்டா. அந்தக் கரட்டில் எல்லாவற்றிற்கும் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் அணுவின் வழியாகவே மின்னோட்டத்தில் பெரும்பகுதி பாயும். ரூஷ்லிக்கானின் முதல் முனைகளும் இவ்வாறு சாணையில் தீட்டிய கரட்டு முனைகளே.

நம் கழகத்தின் அறிவியல் மன்றம் இதைக் கையிலெடுக்க விரும்பினால், இரண்டு இயற்பியல் பட்டதாரிகளும், சாலிடரிங் நன்கு தெரிந்த ஒருவரும், லேத்தில் கை தேர்ந்த ஒருவரும் சேர்ந்தால் தொடங்கலாம். ஐ.டி.ஐ. முடித்த தம்பிகளை உதவிக்கு என்று சேர்க்காதீர்கள், குழுவின் முழு உறுப்பினராகச் சேருங்கள். முதல் மாதிரிப் பொருளாக, ஆராய்ச்சிக் கூடங்களுக்கென விற்கும் உயர்தரக் கிராஃபைட்டில் ஒரு சிறு துண்டு போதும். அதன்மேல் செலோடேப்பை ஒட்டி மெல்ல உரித்தெடுங்கள். மேலேடு போய்ப் புதிய பரப்பு வெளிப்படும். அணுக்கணக்கில் சமதளமாக இருக்கும் அப்பரப்பிற்கு வெற்றிடம்கூட வேண்டா, திறந்த காற்றிலேயே படமெடுக்கலாம். முதல் சில நாட்களுக்கு இரைச்சல் மட்டுமே வரும். பிறகு ஓரிரவு, மின்விசிறியை நிறுத்திவிட்டு ஊசியை இறக்கும்போது, கால் நானோமீட்டருக்கு ஒன்றாக வரிசை வரிசையான மேடுகள் தெரியத் தொடங்கும்.